மெட்பிளொட்லிப் வரைபு ஏன் இப்படி இழுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் இப்போது எதையாவது அளந்து, பைதனில் மெட்பிளொட்லிப் என்ற வரைபு நூலகத்தைக் கொண்டு வரைபு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அறிவியல் நகரில் பொறியியலும் விவசாயமும் படிக்கிற பிள்ளைகள், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகப் பிள்ளைகள், கமக்காரர் அமைப்புக்குக் குளத்து நீர்மட்டத்தைக் குறித்துக் கொடுக்கிறவர்கள். முறைப்பாடு ஒன்றுதான்: வரைபு வர நேரமெடுக்கிறது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். கட்டளைப் பெயர்களையும் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

1. பக்கெண்ட், பக்கெண்ட் எண்டுறீங்கள். நான் அப்பிடி ஒண்டும் போடேல்லையே?

போடாவிட்டாலும் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். மெட்பிளொட்லிப்பில் இரண்டு பகுதி உண்டு. எந்தக் கோடு எங்கே, அச்சில் எந்த எண், என்ன நிறம் என்று தீர்மானிப்பது ஒரு பகுதி. அந்தத் தீர்மானங்களை வாங்கிப் பிக்சலாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ ஆக்குவது பக்கெண்ட். வீட்டுக்குப் பிளான் கீறுகிறவரும் கல் அடுக்குகிற மேசனும் போல. வேலை இழுபட்டால் எல்லாரும் மேசனைத்தான் ஏசுவார்கள். பல நேரம் கோளாறு பிளானில் இருக்கும்.

பிக்சல் வேலைக்கு வழமையாக ஓடுவது ஆக். ஆன்டி-கிரெய்ன் ஜியோமெட்ரி என்ற சி++ நூலகத்தின் சுருக்கம் அது. திரையில் ஜன்னல் திறக்க வேண்டுமென்றால் அதே ஆக்கை டிகே, கியூட்டி போன்ற ஜன்னல் நூலகங்களோடு சேர்த்த டிகேஆக், கியூட்டிஆக் வரும். பிடிஎஃப், எஸ்விஜி, கெய்ரோ எல்லாம் வேறு பக்கெண்டுகள். உங்களிடம் எது ஓடுகிறது என்று மெட்பிளொட்லிப்.கெட்_பக்கெண்ட் சொல்லும். மாற்றுவதற்கு மெட்பிளொட்லிப்.யூஸ் இருக்கிறது. ஸ்கிரிப்டைத் தொடாமல் மாற்ற, எம்பிஎல்பக்கெண்ட் என்ற சூழல் மாறியில் பெயரைக் கொடுக்கலாம்.

2. வரைபு வர நேரமெடுக்குது. முதல்ல எதை மாத்தோணும்?

ஒன்றையும் மாற்ற வேண்டாம். நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு வரைபு திரைக்கு வருமுன் நாலைந்து இடத்தில் நிற்கிறது: கோப்பை வாசித்தல், கோடு புள்ளிகளை உருவாக்குதல், உண்மையில் வரைதல், கோப்பாகச் சேமித்தல், பிறகு திரையில் காட்டுதல். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் டைம்.பெர்ஃப்_கவுண்டரை வைத்து வித்தியாசத்தை அச்சிடுங்கள். பத்து வரி வேலை. நான் பார்த்த ஸ்கிரிப்டுகளில் கணிசமானவை எக்செல் கோப்பை வாசிப்பதிலேயே பாதி நேரத்தைத் தின்றுவிட்டு வரைபின் மேல் பழியைப் போட்டவை. அந்தக் கோப்பை ஒருமுறை வாசித்து சிஎஸ்வி ஆகவோ பார்க்கே ஆகவோ வைத்துக்கொண்டால் கதை முடிந்தது.

அளக்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். பிளொட் என்று அழைத்த உடனே ஒன்றும் வரையப்படுவதில்லை. பட்டியல்தான் தயாராகிறது. அதனால் அந்த வரி எப்போதும் வேகமாகத்தான் தெரியும். வரைகிற நேரம் தனியாக வேண்டுமென்றால் ஃபிக்.கன்வஸ்.டிரோ என்று நீங்களே அழைத்து அதை அளக்க வேண்டும். இரண்டாவது, ஷோ என்ற வரியை அளப்பது. ஜன்னலை மூடும்வரை அது அங்கேயே நிற்கும் என்பதால், நீங்கள் தேத்தண்ணி குடித்த நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

3. முதல் தடவை மட்டும்தான் ஆமை மாதிரி. பிறகு சரியா வருது. ஏன்?

புதிதாக நிறுவிய பிறகு முதல் தடவை, கணினியில் உள்ள எழுத்துருக்களை எல்லாம் தேடிப் பட்டியல் போட்டு ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளும். எழுத்துருப் பட்டியல் கட்டப்படுகிறது, சற்றுப் பொறுங்கள் என்று ஒரு அறிவித்தலும் வரும். அடுத்த முறை அந்தக் கோப்பையே வாசிக்கும். ஒவ்வொரு முறையும் அதே அறிவித்தல் வந்தால் அந்தக் கோப்பை எழுத அனுமதியில்லை என்று அர்த்தம். மீள்தொடக்கத்தில் எல்லாம் அழியும்படி வைத்திருக்கிற ஆய்வுகூடக் கணினிகளிலும் இதுதான் நடக்கும். எம்பிஎல்கொன்ஃபிக்டிர் என்ற சூழல் மாறியில் எழுதக்கூடிய, அழியாத ஒரு கோப்புறையைக் காட்டிவிடுங்கள்.

4. ஆயிரம் ரெண்டாயிரம் வரிதான் கிடக்கு. நிமிசக்கணக்கா இழுக்குது, கீழ அச்சும் கறுப்பா அப்பிப் போய்க் கிடக்கு.

கறுப்பாய் அப்பிய அச்சு என்று சொன்னதுமே நோய் தெரிந்துவிட்டது. உங்கள் திகதி திகதியாக இல்லை, வெறும் எழுத்தாக இருக்கிறது. எழுத்துச் சரங்களைக் கொடுத்தால் மெட்பிளொட்லிப் அவற்றை வகைகளாக எடுத்துக்கொள்ளும்: நெல், உழுந்து, கௌபி என்பது போல. வகை என்றால் ஒவ்வொன்றுக்கும் அச்சில் ஒரு குறி, ஒரு பெயர். இரண்டாயிரம் நாள் மழைத்தரவு என்றால் இரண்டாயிரம் பெயர்ச்சீட்டு. கோடு வரைய ஒரு கணம்கூடப் போகாது. அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக அளந்து, இடம் பார்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக எழுதுவதில்தான் நேரம் போகிறது. பக்கெண்டை மாற்றினாலும் இது மாறாது.

கோப்பை அட்டவணையாக வாசிக்கிற பண்டாஸ் நூலகத்தில் டிடைப்ஸ் என்று கேட்டுப் பாருங்கள். திகதி நிரலுக்கு நேரே ஒப்ஜெக்ட் என்றோ ஸ்ட்ரிங் என்றோ இருந்தால் அதுதான். டு_டேட்டைம் கொண்டு மாற்றுங்கள். மாற்றும்போது டேஃபர்ஸ்ட் என்பதை உண்மை என்று கொடுக்க மறக்க வேண்டாம். நாங்கள் நாளை முதலில் எழுதுகிறவர்கள். 03/04/2023 என்பது எங்களுக்கு சித்திரை மாதத்து மூன்றாம் திகதி. அது சும்மா விட்டால் பங்குனி நான்கு என்று எடுத்துக்கொள்ளும். வேகம் திரும்பிவிடும், வரைபு பிழையாக இருக்கும். அது முன்னதைவிட மோசம்.

இதே நோய் நிலைக்குத்து அச்சிலும் வரும். மழைமானிக் கொப்பியில் அளக்க முடியாத சொற்ப மழைக்கு ஒரு எழுத்துப் போட்டிருப்பார்கள், அளக்காத நாளுக்கு ஒரு சிறு கோடு இழுத்திருப்பார்கள். அதை அப்படியே தட்டச்சு செய்தால், ஒரே ஒரு கோட்டுக்காக நிரல் முழுவதும் எழுத்தாகிவிடும். அப்போது 0, 12.4, 3.0, 88.6 என்று கண்ணில் பட்ட ஒழுங்கில் அச்சில் அடுக்குப்படும். 3 மில்லிமீட்டர் 12க்கு மேலே நிற்கும். டு_நியூமெரிக் கொண்டு மாற்றி, மாறாதவற்றை வெற்றிடமாக்குங்கள். ஆனால் வெற்றிடமாக்குமுன் அவை என்ன என்று ஒருதரம் அச்சிட்டுப் பாருங்கள். சொற்ப மழையும் அளக்காத நாளும் ஒன்றல்ல.

5. இது உண்மையாவே பெரிய தரவு. நிமிசத்துக்கு ஒண்டு, அஞ்சு வருசம்.

நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு வருடத்துக்கு 5,25,600 புள்ளி. ஐந்து வருடத்துக்கு 26 இலட்சத்துக்கு மேல். சரி, இங்கே பக்கெண்டுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. வெறும் கோடாக வரைந்தால் மெட்பிளொட்லிப் தானாகவே கொஞ்சம் உதவும்: ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் போகிற துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிடும். இதற்குரிய எல்லை வழமையில் ஒரு பிக்சலில் ஒன்பதில் ஒரு பங்கு. பாத்.சிம்ப்ளிஃபை_த்ரெஷோல்ட் என்ற அமைப்பில் அதை 1.0 வரை ஏற்றலாம். கண்ணுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆக்.பாத்.சங்சைஸ் என்பதை 10,000 என்று வைத்தால் நீண்ட கோட்டைத் துண்டு துண்டாக ஆக்கிடம் கொடுக்கும். செல் எல்லை தாண்டிவிட்டது என்ற பிழைச்செய்தி ஆக்கிடமிருந்து வந்திருந்தால் இதுதான் மருந்து. இரண்டையும் ஒன்றாகப் போட ஃபாஸ்ட் என்ற பாணி இருக்கிறது. அதை ஒரே வரியில் அழைக்கலாம்.

இந்த உதவி கோட்டுக்கு மட்டும்தான். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வட்டம் போட்டிருந்தால் 26 இலட்சம் வட்டமும் வரையப்படும். மார்க்எவ்ரி கொடுத்து இடைக்கிடை போடுங்கள், அல்லது வட்டத்தை எடுத்துவிடுங்கள். ஃபில்_பிட்வீன் கொண்டு கோட்டுக்குக் கீழே நிறம் நிரப்பியிருந்தாலும் சுருக்கம் நடக்காது.

பலருக்குத் தெரியாத ஒன்று: கிடை அச்சின் பெறுமானங்கள் ஏறுவரிசையில் இருந்தால், பெருப்பித்துப் பார்க்கும்போது திரையில் தெரிகிற பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வரையும். வரிசை குழம்பியிருந்தால் முழுவதையும் ஒவ்வொரு முறையும் வரையும். இரண்டு பதிகருவிகளின் கோப்பை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியவர்கள் நேரப்படி ஒருமுறை ஒழுங்குபடுத்திவிட்டுப் பாருங்கள்.

6. அப்ப நாளுக்கு ஒரு சராசரி எடுத்துக் குறைச்சால் என்ன?

குறைக்கலாம், குறைக்கத்தான் வேண்டும். 1920 பிக்சல் அகலத் திரையில் 26 இலட்சம் புள்ளியைக் காட்ட ஒருவராலும் முடியாது. ஆனால் சராசரி எடுப்பதில் கவனம். 2018 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். பெய்த பெயலில் கனகராயன் ஆற்றுநீர் வந்து சேர, இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. அப்படியான ஒரு நாளை நாட்சராசரியாக்கினால் உச்சி மழுங்கிப் போகும். வரைபு வேகமாக வரும், யாருக்காக அளந்தோமோ அவர்களுக்கு வேண்டிய ஒன்று மட்டும் அதில் இருக்காது.

நீர்மட்டத்துக்கு ஒவ்வொரு துண்டிலும் ஆகக்கூடியதையும் ஆகக்குறைந்ததையும் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளின் எண்ணிக்கை வரைபின் பிக்சல் அகலமளவு இருந்தால் போதும். அப்படி வரைந்ததும் முழுத்தரவில் வரைந்ததும் கண்ணுக்கு ஒன்றாகவே இருக்கும். மழைக்கு இது பொருந்தாது, மழையைக் கூட்ட வேண்டும். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் தனித்தனிப் படம் போடுவதும் நல்ல வழி. ஐந்து வருடத்தை ஒரே படத்தில் திணித்து யாரும் எதையும் படித்ததை நான் காணவில்லை.

7. ஸ்கற்றர் போட்டாலும் புள்ளிதான், பிளொட் போட்டாலும் புள்ளிதான். ஏன் ஸ்கற்றர் மட்டும் மெதுவா வருது?

ஸ்கற்றரில் ஒவ்வொரு புள்ளிக்கும் வேறு வேறு பருமனும் நிறமும் இருக்கலாம். அதற்குத் தயாராக இருக்க வேண்டியிருப்பதால் வேலை கூட. பிளொட்டில் எல்லாப் புள்ளியும் ஒரே அச்சு. ஆக் ஒரு தடவை வரைந்துவிட்டு அதையே இடம் மாற்றி மாற்றிப் பதிக்கும். நிறமும் பருமனும் ஒன்றேயென்றால் பிளொட்டில் கோட்டை நீக்கிப் புள்ளியை மட்டும் போடுங்கள். இலட்சக்கணக்கில் என்றால் ஒரு பிக்சல் அளவான மார்க்கரைப் போடுங்கள். அதற்கும் மேலே போனால் புள்ளியாக வரைவதை விட்டுவிட்டு ஹெக்ஸ்பின் போல அடர்த்தியாகக் காட்டுவதுதான் முறை. கட்டத் தரவு என்றால் பிகலர் வேண்டாம். பிகலர்மெஷ் வேகம், சம கட்டமென்றால் இம்ஷோ அதைவிட வேகம்.

8. திரையில டக்கெண்டு வருது. சேமிக்கத்தான் நேரமெடுக்குது.

சேவ்ஃபிக் வரியைப் பாருங்கள். டிபிஐ 300 என்று இருக்கும், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல். 6.4க்கு 4.8 அங்குலம் என்ற வழமையான அளவில் 100 டிபிஐ என்றால் 640க்கு 480 பிக்சல். 300 என்றால் 1920க்கு 1440, ஒன்பது மடங்கு பிக்சல். அறிக்கையில் அச்சடிக்க 300 சரி. போனில் அனுப்ப அது எதற்கு?

அதே வரியில் பிபொக்ஸ்_இஞ்சஸ் டைட் என்றும் இருக்கும். எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதில் எல்லாரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. விளிம்பை எங்கே வெட்டுவது என்று அறிய அது எல்லாவற்றையும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுத்தான் பிறகு வரையும். இன்னொன்று லெஜெண்ட், எந்தக் கோடு எது என்று சொல்கிற பெட்டி. இடம் சொல்லாவிட்டால் தரவு இல்லாத நல்ல மூலையைத் தானே தேடும். பெரிய தரவில் அந்தத் தேடலே பெருஞ்செலவு. மேல் வலது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

9. நூறு கிணத்துக்கு நூறு படம். முதல் பத்தும் பறக்குது, போகப் போகப் படுத்திடுது.

ஒவ்வொரு படத்தையும் சேமித்த பிறகு மூடவில்லை. பைபிளொட் (பிஎல்டி என்று சுருக்கி அழைப்பது) வழியாகத் திறந்த படம் மூடும்வரை நினைவகத்தில் கிடக்கும். இருபதுக்கு மேல் திறந்திருக்கிறது என்று எச்சரிக்கையும் வந்திருக்கும், நீங்கள் வாசித்திருக்கமாட்டீர்கள். 300 டிபிஐயில் வழமையான அளவுப் படம் ஒன்றின் பிக்சல்களே ஏறத்தாழ 11 மெகாபைட். சுற்றின் கடைசியில் பிஎல்டி.குளோஸ் போட்டு அந்தப் படத்தை மூடுங்கள். இன்னும் வேகம் வேண்டுமென்றால் ஒரே படத்தைத் திறந்து வைத்து, கோட்டின் தரவையும் தலைப்பையும் மட்டும் மாற்றி மாற்றிச் சேமியுங்கள். ஜன்னல் தேவையில்லாத வேலை என்பதால் தொடக்கத்திலேயே வெறும் ஆக்கைத் தெரிவு செய்யுங்கள்.

10. பிடிஎஃப் உடனை உருவாகுது. ஆனா ஐயாவின்ரை போனில திறக்க மாட்டன் எண்டு நிக்குது.

பிடிஎஃபும் எஸ்விஜியும் படத்தைப் பிக்சலாக வைப்பதில்லை. இந்தக் கோட்டை இங்கே இழு, இந்தப் புள்ளியை அங்கே வை என்று கட்டளையாக வைக்கின்றன. இலட்சம் புள்ளி என்றால் இலட்சம் கட்டளை. உங்கள் பக்கெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். உண்மையில் வரைகிறது ஐயாவின் போன்.

கனமான அந்தக் கோட்டுக்கோ புள்ளிக் கூட்டத்துக்கோ மட்டும் ராஸ்டரைஸ்ட் என்பதை உண்மை என்று கொடுங்கள். அது பிக்சல் படமாக உள்ளே போகும். அச்சும் எழுத்தும் முன்போலக் கூர்மையாக இருக்கும். அதன் தெளிவைச் சேமிக்கும்போது கொடுக்கிற டிபிஐ தீர்மானிக்கும். பிரவுசரில் பைதன் எழுதுகிற ஜுப்பிட்டரில் படத்தை எஸ்விஜியாகக் காட்டும்படி மாற்றி வைத்தவர்களுக்கும் இதே கோளாறு வரும், அங்கே மூச்சு முட்டுவது பிரவுசர்.

11. கிராம அலுவலர் பிரிவு எல்லைகளைப் படமாப் போட ஜியோபண்டாஸ் பாவிக்கிறன். ஒரு நிறம் மாத்தக்கூட நேரமெடுக்குது.

எத்தனை பிரிவு என்பதைவிட எல்லையில் எத்தனை முனை என்பதுதான் கணக்கு. முல்லைத்தீவை எடுத்தால் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்று களப்புக் கரைகள். கரை வளைய வளைய முனைகள் கூடும். உள்நாட்டில் வீதியோரமாக நேராகப் போகிற எல்லைக்கு இந்தச் செலவு இல்லை. கையகலப் படத்தில் அந்த வளைவுகளில் பெரும்பாலானவை ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடும்.

சிம்ப்ளிஃபை என்ற செயலால் முனைகளைக் குறைத்து, குறைத்ததை வேறு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் குறைக்க வேண்டாம். கொடுக்கிற அளவு எந்த அலகில் என்று முதலில் பாருங்கள். எஸ்எல்டி99 போன்ற மீட்டர் ஆள்கூற்றில் இருந்தால் 20, 30 என்பது மீட்டர். அகலாங்கு நெட்டாங்கில் இருந்தால் அதே எண் பாகை, வன்னியே ஒரு புள்ளியாகிவிடும். இன்னொன்று: ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே சுருங்குவதால் பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகளின் நடுவே வெடிப்பு விழலாம். நிறம் காட்டுகிற படத்துக்குப் பரவாயில்லை. அந்தக் கோப்பில் பரப்பளவு கணக்கிட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

12. சென்சரிலயிருந்து வாறதை நேரடியாக் காட்டுறன். அரை மணித்தியாலத்தில திணறத் தொடங்குது.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் அச்சை அழித்துவிட்டு எல்லாவற்றையும் திரும்ப வரைகிறீர்கள். அழிக்காமல் விட்டிருந்தால் அதைவிட மோசம்: பழைய கோட்டுக்கு மேல் புதிய கோடு, அதற்கு மேல் இன்னொன்று. கோட்டை ஒருதடவை உருவாக்கி, பிறகு செட்_டேட்டா மட்டும் அழையுங்கள். பட்டியலுக்கு ஒரு நீள எல்லையும் வையுங்கள். கடைசி ஒரு மணித்தியாலம் போதுமென்றால் அதற்கு மேல் வருவதை முன்னாலிருந்து உதிர்த்துவிடலாம்.

இன்னும் வேண்டுமென்றால் பிளிட் இருக்கிறது. மாறாத பின்னணியை ஒரு படமாக எடுத்து வைத்துக்கொண்டு மாறுகிற கோட்டை மட்டும் அதன்மேல் வரையும் முறை. அச்சு எண்கள் பின்னணியில் சேர்வதால் எல்லை நகரும்போது அவை பழையதாகவே நிற்கும், குழம்ப வேண்டாம். ஆனால் முதலில் ஒரு கேள்வி: குளத்து நீர்மட்டத்தை வினாடிக்குப் பத்துத் தடவை புதுப்பித்து யார் பார்க்கப் போகிறார்கள்? அளப்பதை அடிக்கடி அளந்து சேமியுங்கள், வரைவதை நிமிடத்துக்கு ஒருதரம் வைத்தால் போதும்.

13. ஜிபியு உள்ள லப்டொப் வாங்கினால் சரிவருமோ?

மெட்பிளொட்லிப்புக்காக என்றால் வாங்க வேண்டாம். ஆக் முழுக்க முழுக்கச் சிபியுவில், அதுவும் ஒரு கோரில்தான் வரைகிறது. ஜிபியு பக்கத்தில் சும்மா இருக்கும். பிளொட்லி என்ற இன்னொரு வரைபு நூலகத்தில் கதை வேறு. அங்கே, பிரவுசருக்குள் ஜிபியுவைப் பாவிக்கவிடுகிற வெப்ஜிஎல் வழியாக, ஜிபியு வேலை செய்யும். பிளொட்லி எக்ஸ்பிரஸில் ஸ்கற்றர் போட்டால் ஆயிரம் புள்ளிக்கு மேல் தானே வெப்ஜிஎல்லுக்கு மாறும். நேரடியாகப் போடுகிறவர்கள் ஸ்கற்றர்ஜிஎல் என்று கேட்க வேண்டும். அப்படியும் மெதுவென்றால் குரோமின் ஜிபியு பக்கத்தில் வெப்ஜிஎல்லுக்கு நேரே மென்பொருளால் மட்டும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரைவர்தான் பிரச்சினை. ஒரே பக்கத்தில் நிறைய வெப்ஜிஎல் வரைபுகளை அடுக்கினால் பழையவை வெறுமையாகிவிடும், பிரவுசர் அவற்றுக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது.

இரண்டு கணினிகளை ஒப்பிட்டு நேரம் பார்க்கிறவர்கள் இரண்டையும் சார்ஜரில் போட்டுவிட்டுப் பாருங்கள். கரண்ட் போன நேரம் பற்றரியில் ஓடுகிற லப்டொப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த எண்ணை வைத்துப் பக்கெண்டுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

14. சேர்வரில ஓடவிட்டு வீட்டிலயிருந்து ஜன்னலைப் பாக்கிறன். மௌஸை அசைச்சாலே உறையுது.

எஸ்எஸ்எச் வழியாக ஜன்னலை இழுத்துக் காட்டும்போது ஒவ்வொரு அசைவுக்கும் முழுப்படமும் இணையத்தில் வர வேண்டும். முறிகண்டிக் காட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு இருக்கும் இடத்திலிருந்து அது நடக்காது. அங்கேயே ஆக்கில் பிஎன்ஜியாகச் சேமித்து, அந்தப் படத்தை மட்டும் எடுத்து வாருங்கள்.

15. தமிழ்ல ஊர்ப்பெயர் போட்டாப் பெட்டி பெட்டியா வருது. அதாலதான் மெதுவாகுதோ?

வேகத்துக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. வழமையாக வருகிற டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை, அதனால்தான் பெட்டி. தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரை எழுத்துருப் பட்டியலில் முதலாவதாகக் கொடுங்கள். 3.6 பதிப்பிலிருந்து பட்டியலாகக் கொடுத்தால் இல்லாத எழுத்தை அடுத்த எழுத்துருவில் தேடும். நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை அச்சாவதும் நிற்கும்.

பெட்டி போன பிறகு அடுத்த தலைவலி. எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் வேலையைப் பல பதிப்புகளின் ஆக் பக்கெண்டில் எதிர்பார்க்க முடியாது. குறியீடுகளை வந்த ஒழுங்கில் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும். மன்னார் ஓரளவு தப்பிவிடும். கிளிநொச்சியில் நொ உடைந்துபோகும், முல்லைத்தீவில் லை பிரிந்து நிற்கும். உங்கள் பதிப்பில் இந்த மூன்று பெயரையும் எழுதிப் பாருங்கள், நிலைமை தெரிந்துவிடும். உடைந்தால் எம்பிஎல்கெய்ரோ என்ற வெளிப் பக்கெண்ட் இருக்கிறது. ராக்எம் என்ற நூலகத்தைக் கொண்டு தமிழைச் சரியாகக் கோக்கும். பக்கெண்டை மாற்றச் சொல்லி நான் மனமாரச் சொல்கிற இடம் இது ஒன்றுதான்.

கணக்குக் குறியீடுகளுக்காக யூஸ்டெக்ஸ் போட்டிருந்தால் அது மெதுவாக்கும். ஒவ்வொரு புதிய சொல்லுக்கும் லேடெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை வெளியே ஓடவிடுகிறது.

16. எல்லாம் பாத்தாச்சு. பக்கெண்டிலதான் பிழை எண்டு எப்பிடி உறுதியாச் சொல்லுறது?

டெம்பிளேட் என்று ஒரு பக்கெண்ட் மெட்பிளொட்லிப்போடு வருகிறது. எல்லாக் கட்டளையையும் வாங்கும், ஒன்றையும் வரையாது. அதே ஸ்கிரிப்டை அதில் ஓட்டி, 2ஆம் பதிலில் சொன்னபடி வரைகிற நேரத்தை அளந்து பாருங்கள். ஆக்கில் எடுத்த அதே நேரம் இதிலும் போனால் ஆக்கில் பிழையில்லை, நேரம் அச்சுக் குறிகளிலோ அமைப்புக் கணக்கிலோ போகிறது. பெரிய வித்தியாசம் இருந்தால் வரைதலில்தான் செலவு. கோட்டு வரைபுக்கு இந்தச் சோதனை நன்றாக வேலை செய்யும். மார்க்கரோ ஸ்கற்றரோ நிறைந்த படத்தில் நம்ப வேண்டாம். அந்தக் கூட்டு வேலையை டெம்பிளேட் பைதனில் ஒவ்வொன்றாகச் சுற்றிச் செய்வதால் அது ஆக்கைவிட மெதுவாகவும் தெரியலாம்.

பிறகு, எந்தச் செயல் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டுகிற சிபுரொஃபைல் கொண்டு வரைகிற வரியை ஓட்டி, மொத்த நேரப்படி ஒழுங்குபடுத்திப் பாருங்கள். டிரோ_பாத், டிரோ_மார்க்கர்ஸ் மேலே வந்தால் தரவு பெரிது, 5, 6, 7 பாருங்கள். டிக் என்ற சொல் உள்ள பெயர்கள் வந்தால் 4. டைட்பிபொக்ஸ் என்றோ நல்ல இடம் தேடுகிற பெயர் என்றோ வந்தால் 8. டிரோ_டெக்ஸ்ட் வந்தால் எத்தனை எழுத்துச்சீட்டு இருக்கிறது என்று எண்ணுங்கள், அதுவும் அநேகமாக 4இல்தான் போய் முடியும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற, நிறுத்த விரும்பாத ஸ்கிரிப்ட் என்றால் பைஸ்பை என்ற கருவி வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

17. அண்ணை, ஸ்கிரிப்டை அனுப்பினால் பாத்துச் சொல்லுவீங்களோ?

சொல்லலாம். முழுத் திட்டத்தையும் அனுப்ப வேண்டாம், கிணற்றுக்காரரின் பெயர் விலாசம் உள்ள எக்செல்லையும் அனுப்ப வேண்டாம். அதே அளவு தற்செயல் எண்களை உருவாக்கி, அதே மெதுவைக் காட்டுகிற இருபது வரியை அனுப்புங்கள். கூடவே மெட்பிளொட்லிப் பதிப்பு, பக்கெண்டின் பெயர், 2இல் சொன்ன ஒவ்வொரு கட்டத்தின் நேரம். தற்செயல் எண்களில் வேகமாக ஓடி உங்கள் தரவில் மட்டும் மெதுவென்றால் எனக்கு எழுத முதல் 4ஐ இன்னொருதரம் வாசியுங்கள்.